கடல் தாண்டிப் போன பஞ்சு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அபேலுவைப் பாராட்டி நீங்கள் எழுதிய கடிதங்கள் வந்து சேர்ந்தன. தங்கை மேல் இவ்வளவு பாசமா என்று உருகியிருந்தீர்கள். அந்த உருக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

விமான நிலையத்தில் தங்கை சினிவாவுக்கு மாலை போட்டான். "உனக்குன்னே ஒரு ஆராய்ச்சிக்கூடம் கட்டி வெச்சிருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். சரி. அந்தக் கட்டடத்துக்குள் அவன் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தானா? இல்லை. சாலேலங்கி ஊரில் பேச்சுத் தலைவன் என்ற பட்டம் அவன் குடும்பத்துக்கு உரியது. கோலை ஊன்றி, நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எழுந்து நின்றால் ஊரே காது கொடுக்கும். பேசத் தெரிந்த மனுஷனுக்கு எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அபேலுவின் மகள் மெலே. போன வருஷம் அக்டோபரில் குழந்தைகள் ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சில் வசனம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதி வசனத்தில் மூச்சு வாங்கி விழுந்தாள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. தொண்டையில் வந்த ஒரு கிருமியை யாரும் கவனிக்காததால் அது வாதக் காய்ச்சலாகி இதயத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். எங்கள் தீவில் இந்த நோய்க்குக் குழந்தையைக் கொடுக்காத ஊர் இல்லை. இப்போது மாதாமாதம் மெலேவுக்குக் கெட்டியான பெனிசிலின் ஊசி. போட்ட மறுநாள் முழுக்க நொண்டுவாள்.

அந்த நேரத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் மையம் கட்ட நிலம் கேட்டு வந்தது. குழந்தைகளின் நோயை இந்த மண்ணிலேயே ஆராய்வோம், உங்கள் பிள்ளைகளையே விஞ்ஞானிகளாக்குவோம் என்றது. அபேலுவின் குடும்பம் சீமைப்பலாத் தோப்பைக் குத்தகைக்குக் கொடுத்தது. வெளிநாட்டில், டனீடின் நகரத்தில் நுண்ணுயிரியல் படித்து அங்கேயே வேலையிலும் இருந்த சினிவா, அந்த வேலையை உதறிவிட்டு வந்து இறங்கினாள்.

இன்று கட்டடத்தின் நிறைவு விழா. தச்சர்களுக்கு விருந்து வைத்து, நிலம் கொடுத்த குடும்பத்தின் தலைவன் சபையில் எழுந்து நன்றி சொன்னால்தான் எங்களிடம் ஒரு கட்டடம் திறந்ததாகக் கணக்கு. அவன் வாயைத் திறக்கும்வரை அது வெறும் சுவர்.

* * *

காலையிலேயே சூட்டுக் கற்களின் மேல் வாழையிலை போட்டு மூடியாகிவிட்டது. உள்ளே பன்றியும் சேப்பங்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. அபேலுவின் மனைவி லோசா சேப்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்துக்கொண்டிருந்தாள். சினிவாவும் கூடவே உட்கார்ந்து மடிக்கப் பார்த்தாள்.

"நீ விடு. டனீடின்ல மடிச்ச மடிப்பு இது. பால் முழுக்க ஒழுகிடும்" என்றாள் லோசா.

"அப்போ நான் போய் என் கூடத்தைப் பாத்துட்டு வரேன் அண்ணி."

"போயிட்டு வா. உன் அண்ணன் அதையேதான் சொல்லிட்டிருக்கார், என் தங்கச்சி கூடம், என் தங்கச்சி கூடம்னு. எனக்குக் கட்டடமெல்லாம் தெரியாது. எம்பொண்ணு மூச்சு வாங்காம அந்தக் கொய்யா மரத்துல ஏறணும். அதுக்கு நீ ஏதாவது கண்டுபிடிச்சுக் கொடு."

சினிவா சிரித்துக்கொண்டே தோப்புக்கு நடந்தாள். தோப்பென்று பழக்கத்தில்தான் சொல்கிறேன். மரமெல்லாம் போன வருஷமே விழுந்தாகிவிட்டது. தச்சர் தலைவர் கதவைத் திறந்துவிட்டார்.

முன்கூடத்தில் படங்கள். எங்கள் ஊர்க் குழந்தைகள் பல் தெரியச் சிரிக்கும் பெரிய பெரிய படங்கள். அடுத்த அறைக் கதவில் 'பயிற்சிக் கூடம்' என்று இரண்டு மொழியில் பலகை. சினிவா உள்ளே போனாள். இரண்டு சோபா, ஒரு கண்ணாடி மேஜை, சுவரில் ஒரு டி.வி. கை கழுவக்கூட ஒரு குழாய் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு அடைகாப்புப் பெட்டி வைக்க வேண்டும் என்றால் அந்த அறையில் அதற்கு ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது. இருந்த ஒரே பாயின்ட்டில் டி.வி. மாட்டியிருந்தது.

பின்பக்கக் கதவைத் திறந்தாள். அது பெரிய அறை. ஆளுயர உறைபெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கென்று தனி ஜெனரேட்டர். மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கும்போது கரண்ட் போனால் டார்ச் பிடிக்கிற தேசத்தில், குழந்தைகள் தொண்டையில் தடவி எடுக்கிற எச்சில் பஞ்சுக்குத் தனி ஜெனரேட்டர். அந்த அறையின் அகலக் கதவு நேராக லாரி வந்து நிற்கிற மேடைக்குத் திறந்தது.

படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே ஆராய்ச்சி நடக்கப்போவதில்லை. இங்கே சேகரிப்பார்கள், உறைய வைப்பார்கள், ஏற்றி அனுப்புவார்கள். அவ்வளவுதான் இந்த மையம்.

"தண்ணிக் குழாய் எங்கே?" என்று கேட்டாள்.

"முதல்ல தோண்டினோம்மா" என்றார் தச்சர் தலைவர். "போன மாசம் வந்து மூடச் சொல்லிட்டாங்க. வரைபடம் மாறிடுச்சாம். உங்க அண்ணன்தான் சபையில எல்லார் முன்னாடியும் சரின்னு சொல்லிட்டாரே."

* * *

அபேலு உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு, மரப்பட்டைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தான். இன்றைய பேச்சின் முதல் வரிகளை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் கூடத்துல சோபா போட்டிருக்காங்க."

"போடட்டுமே. விஞ்ஞானின்னா உக்காந்து யோசிக்க வேணாமா?"

"விளையாடாதீங்க. குழாய் இல்ல. வேலை செய்ய மேடை இல்ல. பின்னாடி உறைபெட்டி மட்டும் மாடு மாதிரி நிக்குது. அது ஆராய்ச்சிக்கூடம் இல்லண்ணே, கிடங்கு."

அபேலு துணி சுற்றுவதை நிறுத்தினான். "அந்த நிறுவனத்து டாக்டர் ஹாலோவே ஏதோ சொன்னாரே. சின்னச் சின்ன மாற்றம்னு."

"என்ன மாற்றம்னு கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது சினிவா? பாய் கொடுத்தாங்க."

இதுதான் விஷயம். பாய் என்றால் படுக்கிற பாய் இல்லை. பட்டு மாதிரி மெல்லிசாக, மாசக்கணக்கில் பெண்கள் உட்கார்ந்து பின்னுகிற பாய். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பட்டம் கட்டுவதற்கும் மட்டும் கை மாறுகிற பாய். அதை ஒருவர் சபையில் விரித்துக் கொடுத்தால், வாங்கியவர் தலைக்கு மேல் தூக்கி, மனம் நிறைந்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பேச்சு முடிந்தது. கொடுத்தவரிடம் மறுகேள்வி கேட்கிற குடும்பத்தில் எங்கள் ஊரில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

டாக்டர் ஹாலோவே போன மாதம் சபையில் முதலில் பாயைக் கொடுத்தார். அபேலு தூக்கினான், நிறைந்தது என்றான். அப்புறம்தான் டாக்டர் மாற்றத்தைப் பற்றிச் சொன்னார். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

"அந்தப் பாய் அவங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?" என்று கேட்டாள் சினிவா.

"அப்பியா டவுன் சந்தைல வாங்கியிருப்பாங்க."

"பாய் வாங்கணும்னு தெரிஞ்சவங்களுக்கு, வாங்கின பிறகு நீங்க கேள்வி கேக்க மாட்டீங்கன்னும் தெரிஞ்சிருக்கு."

அபேலுவுக்கு முகம் கறுத்தது. "மரியாதையா கொடுத்ததை அப்படி நினைக்கக் கூடாது."

"மரியாதைதான். உங்க மரியாதையை வெச்சே உங்க வாயைக் கட்டியிருக்காங்க."

"இன்னிக்கு நல்லபடியா முடியட்டும். அப்புறம் நான் தனியா உக்காந்து கேக்கறேன்."

"இன்னிக்கு நீங்க நன்றி சொல்லிட்டீங்கன்னா எல்லாம் முடிஞ்சுது. அப்புறம் தனியா உக்காந்து என்ன கேப்பீங்க, சோபா மெத்துன்னு இருக்கான்னா?"

"சபையில சொன்ன சொல்லை மாத்தினா கோலைத் தொட எனக்கு யோக்யதை கிடையாது. பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க. எங்கப்பா காலத்துலேருந்து இருக்கற பட்டம்."

சினிவா அவன் எதிரில் வந்து நின்றாள். "அந்தத் தோப்பு உங்களுக்கு மட்டுமா சொந்தம்? சரின்னு சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

எங்கள் தீவில் அண்ணனைப் பார்த்துத் தங்கை கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்கிற நிலைக்கு அவளை அண்ணன் கொண்டுவரக் கூடாது. கூடப்பிறந்தவள் வீட்டுக்குத் தெய்வம் மாதிரி. அவளைக் கேட்டுத்தான் நிலத்தில் கை வைக்க வேண்டும். அவள் மனம் கோணினால் அந்தக் குடும்பம் விளங்காது என்று சின்ன வயசிலேயே சொல்லி வளர்ப்பார்கள்.

"நீ டனீடின்ல இருந்தே" என்றான் அபேலு, மெல்ல.

"டனீடின்ல போன் இருக்குண்ணே."

வெளியே வண்டிகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

* * *

டாக்டர் ஹாலோவே கெட்ட மனுஷர் போலவே இருக்க மாட்டார். அதுதான் கஷ்டம். பூப்போட்ட சட்டை, சிரித்த முகம். சபையில் எங்களைப் போலவே காலை மடித்து உட்கார்ந்து, முழங்காலைத் துணியால் மூடிக்கொண்டார். எல்லாம் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

சினிவாவைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். "நம்ம ஒருங்கிணைப்பாளர் வந்தாச்சு. இன்னிக்கு என் பேச்சை நீங்கதான் மொழிபெயர்க்கணும்."

"எதை ஒருங்கிணைக்கணும் டாக்டர்?"

"மாதிரி சேகரிப்பை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போகணும். அம்மாக்கள் உங்களை நம்புவாங்க."

"விஞ்ஞானிப் பயிற்சின்னு சொன்னீங்களே?"

"வருஷத்துக்கு ரெண்டு பேரை எங்க நகரத்துக்கே அழைச்சிட்டுப் போவோம். வசதியெல்லாம் அங்கதானே இருக்கு."

"வசதி இங்க வரணும்னுதான் நிலம் கொடுத்தோம்."

"படிப்படியா" என்றார் டாக்டர், அவள் தோளைத் தட்டி. படித்து முடித்துப் பட்டம் வாங்கி வந்த பெண்ணின் தோளை.

பேச்சு ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர்கள் தூண்களில் சாய்ந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தச்சர்கள் ஒரு பக்கம். மருமகள்களும் பிள்ளைகளும் பின்னால். டாக்டர் ஒரு வரி சொல்வார், சினிவா ஒரு வரி சொல்வாள். கடல் அழகாக இருக்கிறது என்றார். சொன்னாள். பன்றி வாசனை பசியைக் கிளப்புகிறது என்றார். சொன்னாள். ஊர் சிரித்தது.

"இந்த மையம் இங்க வர்றதுக்குக் காரணமே உங்க குழந்தைங்கதான்" என்றார் டாக்டர். "போன வருஷம் ஆரம்பத்துல, மழைக்காலத்துல, உங்க பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்க தொண்டையிலும் பஞ்சு தடவி எடுத்துட்டுப் போனோமே, ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பஞ்சுக்கு வாய் திறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலூன் கொடுத்தார்கள். மெலே சிவப்பு பலூன் கேட்டு அடம் பிடித்தாள்.

"உலகத்துலயே இப்படி ஒரு முடிவு எங்களுக்கு எங்கேயும் கிடைச்சதில்லை. கணிசமான பிள்ளைங்க தொண்டையில அந்தக் கிருமி இருந்துச்சு. எங்க கூடத்துல ரெண்டே வாரத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த முடிவைக் காட்டித்தான் இந்தக் கட்டடத்துக்கே நிதி வாங்கினோம்."

சினிவா மொழிபெயர்க்கவில்லை.

ஊர் காத்திருந்தது. டாக்டர் புன்னகையோடு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துலயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமா. எங்க ஆளுங்க கெட்டிக்காரங்க."

"எந்தப் பிள்ளை தொண்டையில இருந்துச்சுன்னும் தெரிஞ்சுதா?"

"ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர்படி தெரியும்."

"அப்போ இந்த ஊருக்கு ஏன் சொல்லலை?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அது ஆராய்ச்சிம்மா, சிகிச்சை இல்ல. தனித்தனி முடிவைத் திருப்பிக் கொடுக்கறதுங்கறது எங்க விதிமுறையில கிடையாது. நீங்க படிச்சவங்க, உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் மொழிபெயர்க்க வேணாம்."

சினிவா சபையின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை. ஒரு வரி விடாமல் சொன்னாள்.

"போன வருஷ மழைக்காலத்துல நம்ம பிள்ளைங்க தொண்டையில எடுத்த பஞ்சுல கிருமி இருந்துச்சாம். ரெண்டு வாரத்துல இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. யார் யாருக்குன்னும் தெரிஞ்சிருக்கு. நம்மகிட்ட சொல்றது இவங்க விதிமுறையில இல்லையாம். அதனால சொல்லலை. இதை உங்களுக்கு மொழிபெயர்க்க வேணாம்னும் சொன்னாங்க."

தூணில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

அந்தப் பஞ்சு போய்ச் சில வாரத்தில், போன வருஷம் ஈஸ்டருக்கு, மெலேவுக்கு முழங்கால் வீங்கியது. ஓடி விளையாடியதில் வந்த வலி என்று லோசா எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டாள். எங்கள் ஊரில் மூட்டு வலித்தால் உருவிவிடுவோம், வேறென்ன செய்வோம். இடது கால் சரியாகி வலது கால் வீங்கியது. அதையும் உருவிவிட்டாள். உள்ளே இதயம் வெந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? பஞ்சு போன ஊருக்குத் தெரியும். கிருமி தொண்டையோடு இருந்த நேரத்தில் ஒரே ஒரு ஊசி போதும். அந்த ஊசி கடல் தாண்டியெல்லாம் இல்லை, சர்ச்சுக்குப் பக்கத்துக் கிளினிக்கின் அலமாரியில் இருந்தது. ஒரு போன் செய்தால் போதும். செய்யவில்லை. அதை ஒரு சாதனையாக மேடையில் சொல்ல மட்டும் தெரிகிறது.

நான் கதை எழுதுகிறவள், கோபப்படக் கூடாது என்பார்கள். படுவேன்.

* * *

நன்றி சொல்ல எழுந்திருக்க வேண்டிய நேரம். வழக்கப்படி ஊரின் மற்ற பேச்சுத் தலைவர்களும் எழுந்து, நீங்கள் பேசுங்கள், இல்லை நீங்கள் பேசுங்கள் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். இன்றைக்கு யாரும் எழவில்லை. அபேலு மட்டும் கோலை ஊன்றி நின்றான்.

காலையில் முணுமுணுத்த வரிகளில் ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை. அலங்காரம் இல்லை, முன்னோர் பெயர்கள் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சில் பேசினான்.

"போன மாசம் இங்க நின்னு நான் சரின்னு சொன்னேன். அந்தச் சொல் செல்லாது."

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். சபையில் ஒருவன் தன் சொல்லைத் தானே அழிப்பதை அந்தத் தலைமுறை பார்த்ததில்லை.

"இந்த நிலத்துல என்னைவிட என் தங்கச்சிக்கு உரிமை ஜாஸ்தி. அவளைக் கேக்காம சொன்னேன். பாய் கொடுத்த மரியாதையில மயங்கிட்டேன். கூடப்பிறந்தவளைக் கேக்காதவன் சொல்லுக்கு நம்ம வழக்கத்துல மதிப்பு கிடையாது. தப்பு என்னோடது. அதுக்கு சபை என்ன சொல்லுதோ ஏத்துக்கறேன். ஆனா இந்தக் கட்டடத்துக்கு இன்னிக்கு என் வாயால நன்றி வராது."

உட்கார்ந்தான். கோலைத் தரையில் கிடத்தினான்.

சினிவா அண்ணனைப் பார்த்தாள். காலையில் சுள்ளென்று பேசியதற்காக அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் பேசியிருக்கத்தான் வேண்டும் என்றும் தோன்றியது.

"சாயங்காலம் சபை கூடும் அபேலு" என்றார் ஊர்ப் பெரியவர். "பட்டத்தைப் பத்திப் பேசணும்."

"வரேங்க."

டாக்டர் ஹாலோவே சினிவாவிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "குத்தகை கையெழுத்தாகி ரொம்ப நாள் ஆச்சு. இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். நான் கிளம்பறேன். வேணாம்னா சொல்லுங்க, பக்கத்துத் தீவுல எங்களைக் கூப்பிடறாங்க."

எழுந்து செருப்பைத் தேடினார். வண்டி படிக்கட்டுக்கு நேரே நின்றது.

படிக்கட்டில் லோசா நின்றுகொண்டிருந்தாள். கையில் விருந்தாளிக்கென்று எடுத்து வந்த தட்டு. அதைக் கீழே வைத்தாள்.

வாழ வந்த மருமகள் எங்கள் ஊர்ச் சபையில் வாய் திறப்பதில்லை. பரிமாறுவாள், தட்டெடுப்பாள், ஈ ஓட்டுவாள். லோசா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துவந்தாள். ஊர்ப் பெரியவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"எம்பொண்ணு நம்பர் என்ன?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

சினிவா மொழிபெயர்த்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அந்த விவரமெல்லாம் எங்க நகரத்துல இருக்கு. வெளியே கொடுக்கணும்னா ஒரு கமிட்டி கூடி அனுமதிக்கணும்" என்றார் டாக்டர்.

"எம்பொண்ணு தொண்டையில எடுக்கறதுக்கு எந்தக் கமிட்டி கூடுச்சு?"

அதையும் மொழிபெயர்த்தாள். டாக்டர் தன் வண்டியைப் பார்த்தார்.

"எம்பொண்ணுக்குக் கெட்டது கெட்டுப்போச்சு" என்றாள் லோசா. "அதை நீங்க திருப்பித் தர முடியாது. ஆனா கணிசமான பிள்ளைங்கன்னு சொன்னீங்களே. அந்தப் பிள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்கு. இதோ, உங்க வண்டி மேல ஏறி விளையாடிட்டிருக்கு. அதுல எது எதுக்கு உள்ள என்ன ஆயிட்டிருக்குன்னு இந்த அம்மாக்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சொல்லிட்டுப் போங்க."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். "எம்பையன் நம்பர் என்ன?" சர்ச் போதகரின் மனைவி எழுந்தாள், கைக்குழந்தையோடு. தச்சர் தலைவரின் மருமகள் எழுந்தாள். யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து படிக்கட்டில் லோசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சினிவாவும் போய் உட்கார்ந்தாள். டாக்டர் வண்டிக்குப் போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தாண்டிப் போகிற ஆண் மனுஷனே இல்லை என்பதை, மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட டாக்டர், இதையும் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தார்.

கடைசியில் போனை எடுத்தார். அவருடைய நகரத்தில் அலுவலக நேரம் முடியவில்லை. யாரிடமோ ஊர்ப் பெயரைச் சொன்னார். யாரோ இன்னொருவரிடம் மாற்றினார்கள். மறுபடியும் ஊர்ப் பெயரைச் சொன்னார். மறுபடியும் மாற்றினார்கள்.

பெரியவரின் வீட்டிலிருந்து சபை கூடுவதற்கான சங்கு ஒலித்தது. சாயங்காலம் என்றவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. அபேலு எழுந்து, பிள்ளைகளோடு நின்ற மெலேவின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, தனியாகப் பெரியவரின் வீட்டை நோக்கி நடந்தான். கோலை எடுத்துக்கொள்ளவில்லை. சினிவா அவன் பின்னால் போக எழுந்தாள். "நீ உக்காரு. உனக்கு வேலை இங்க" என்று அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க" என்று சினிவா டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் போனில் ஒரு பொத்தானை அழுத்தி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். காத்திருப்பவர்களுக்காகப் போடுகிற மெல்லிய பியானோ இசைதான் வந்தது. அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

லோசா சினிவாவைப் பார்த்தாள். "என்ன இது?"

"காத்திருக்கச் சொல்றாங்க அண்ணி."

"பிள்ளைங்களுக்கு என்னாச்சுன்னு கேட்டா பாட்டுப் போடறாங்களா?" என்றாள் லோசா. புடவை மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த துணியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, படிக்கட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "போடட்டும். எங்களுக்கு வேற வேலை இல்ல."